கல்லோடு குடிபெயரும் கடல்

வீட்டில் பவளத்தொட்டி வைத்திருக்கும் இருவரை எண்ணிப் பாருங்கள். இருவரிடமும் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதில் பவளங்கள், கோமாளி மீன்கள், இறால், நட்சத்திர மீன் எல்லாம் சில ஆண்டுகளாக நன்றாக வாழ்கின்றன. இருவரும் வீடு மாறுகிறார்கள். புது வீட்டில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் பெரிய தொட்டி காத்திருக்கிறது.

முதலாமவர் பழைய நீரை ஒரு சொட்டு விடாமல் பேரல்களில் பிடித்துக்கொள்கிறார். அடிமணலை அப்படியே வாரி மூட்டை கட்டுகிறார். கற்களில் அழுக்குப் படிந்திருக்கிறதே என்று குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவுகிறார். இரண்டாமவர் பழைய நீரில் பெரும்பகுதியைச் சாக்கடையில் விடுகிறார், மணலையும் கொட்டிவிடுகிறார். கற்களை மட்டும் கடல்நீரில் மூழ்கவைத்து, காற்றுக் குழாய் போட்டு, பத்திரமாகக் கொண்டுபோகிறார். முதலாமவர் தொட்டியில் இரண்டு நாளில் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறுகின்றன. இரண்டாமவர் தொட்டியில் மீன்கள் அன்று மாலையே இரை தேடுகின்றன.

பழையதை எல்லாம் காப்பாற்றியவர் இழந்தார், பாதியைக் கொட்டியவர் பிழைத்தார். இது ஏன் என்று விளங்கிவிட்டால், பவளத்தொட்டி எப்படி உயிர் வாழ்கிறது என்பதும் விளங்கிவிடும்.

கடையில் கிடைக்காதது எது?

கடல்நீரை வீட்டிலேயே தயாரிக்கலாம். சவ்வூடு வடித்த சுத்தமான நீரில், அதாவது ஆர்.ஓ. நீரில், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்பு இருக்குமாறு கலந்தால் போதும். சோடியம், குளோரைடு, மெக்னீசியம், கால்சியம், சல்ஃபேட் எல்லாம் சரியான விகிதத்தில் சேர்ந்த உப்புக் கலவை கடைகளில் விற்கிறது. பம்பு, ஹீட்டர், விளக்கு, நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் ஆகியவற்றுக்கும் மாற்று வாங்கலாம். பணம் கொடுத்து ஒரே நாளில் வாங்க முடியாத ஒன்று மட்டும் தொட்டிக்குள் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமானால் மீன் விடும் கழிவிலிருந்து தொடங்க வேண்டும்.

மீன் உண்ட புரதத்திலுள்ள நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாக, செவுள் வழியே நீரில் கரைகிறது. மிச்சமான இரையும் இறந்த உடல்களும் அழுகும்போதும் அம்மோனியா பிறக்கிறது. இது கொடிய நஞ்சு. கடலில் விட்டால் கணத்தில் கரைந்து போகும். கண்ணாடிச் சுவர்களுக்குள் போக வழியில்லை.

நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று செவுளை எளிதில் ஊடுருவும் அம்மோனியா. மற்றொன்று மின்னூட்டம் ஏற்றுக்கொண்டதால் அவ்வளவு எளிதில் ஊடுருவ முடியாத அம்மோனியம். எந்த வடிவம் எவ்வளவு என்பதை நீரின் பி.எச். அளவு தீர்மானிக்கிறது. பி.எச். 8.2 உள்ள கடல்நீரில், 25 டிகிரி வெப்பத்தில், நூற்றில் ஆறேழு பங்கு நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 7.2 ஆகக் குறைந்தால் அது ஏறக்குறைய பத்தில் ஒன்றாகச் சுருங்கும். பவளத்துக்குக் காரத்தன்மை கூடிய நீர் தேவை. அதே நீரில் அம்மோனியாவின் கடுமையும் கூடுகிறது. அதனால்தான் நன்னீர்த் தொட்டியில் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு அம்மோனியா, கடல்நீர்த் தொட்டியில் உயிரை வாங்கிவிடுகிறது.

அப்படியிருந்தும் நன்கு முதிர்ந்த தொட்டியில் அம்மோனியாவைச் சோதித்தால் எதுவும் தெரிவதில்லை. மீன்கள் நாள் முழுவதும் அதை வெளிவிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. யாரோ உடனுக்குடன் அப்புறப்படுத்துகிறார்கள்.

சாக்கடை நீர் சொன்ன செய்தி

அப்புறப்படுத்துவது யார் என்ற கேள்விக்கு முதல் தெளிவான விடை, மீன்தொட்டியிலிருந்து வரவில்லை. 1877இல் பிரான்சில் தியோஃபில் ஷ்லோசிங், அஷில் முன்ட்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள், மணலும் சுண்ணாம்புத் தூளும் நிரப்பிய நீண்ட குழாய் வழியே சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டார்கள். மேலே ஊற்றிய நீரில் அம்மோனியா இருந்தது. முதல் இருபது நாள் கீழே வந்த நீரிலும் அதே அம்மோனியா அப்படியே இருந்தது. அதன்பிறகு அம்மோனியா குறைந்தது; அதற்குப் பதிலாக நைட்ரேட் வரத் தொடங்கியது.

இந்த இருபது நாள் தாமதம்தான் துப்பு. மணலுக்கும் அம்மோனியாவுக்கும் இடையே நடக்கும் வெறும் வேதிவினையாக இருந்தால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். தாமதம் ஏற்பட்டது என்றால், ஏதோ ஒன்று குழாய்க்குள் வளர்ந்து பெருக அத்தனை நாள் பிடித்திருக்கிறது. அதை உறுதிசெய்ய அவர்கள் குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். நைட்ரேட் உருவாவது நின்றது. ஆவியை வெளியேற்றிய பிறகும் அது மீளவில்லை. மண்ணைக் கலக்கிய நீரைச் சிறிது ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. குளோரோஃபார்மால் மயங்குவதும் மாய்வதும், மண்ணிலிருந்து மறுபடி விதைக்க முடிவதும் உயிருள்ளவை மட்டுமே.

அந்த உயிர்களைத் தனியே பிரிக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. பாக்டீரியாவை வளர்க்க அக்காலத்தில் சத்துமிக்க ஜெலட்டின் கூழைத்தான் பயன்படுத்தினார்கள். இவையோ அதில் வளர மறுத்தன. சூரிச் நகரில் ஆய்வு செய்த ருஷ்யரான செர்கெய் வினோகிராட்ஸ்கி எதிர்த்திசையில் யோசித்தார். கரிமச் சத்து எதுவுமே இல்லாத உப்புக் கரைசலில் அம்மோனியாவை மட்டும் கொடுத்தார். 1890இல் அவர் கையில் அவை சிக்கின. அவற்றில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்த இரண்டு படிகளையும் சேர்த்து நைட்ரேட்டாக்கம் என்கிறோம். நைட்ரைட்டைவிட, அம்மோனியாவைவிட, நைட்ரேட்டின் நச்சு மிகக் குறைவு.

இவை உணவைச் செரித்து வாழ்பவை அல்ல. அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து, அதில் கிடைக்கும் சொற்ப ஆற்றலைக் கொண்டு, நீரில் கரைந்த கரியமில வாயுவிலிருந்து தம் உடலைத் தாமே கட்டிக்கொள்கின்றன. வருமானம் குறைவு, செலவு அதிகம். ஆகவே வளர்ச்சியும் மிக மெதுவு. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். புதுத் தொட்டியில் மீன் விட நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

கதை அங்கே முடியவில்லை. 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில், வெப்பமண்டல மீன்தொட்டி ஒன்றின் சரளைக்கல்லிலிருந்து ஆய்வாளர்கள் ஒரு புதிய நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் அம்மோனியாவைத்தான் உண்டது. ஆனால் அது பாக்டீரியாவே அல்ல. ஆர்க்கியா எனப்படும் தனிப்பெரும் பிரிவைச் சேர்ந்தது. நைட்ரோசோபியூமிலஸ் மாரிடிமஸ் என்று பெயரிட்டார்கள். மிக மிகக் குறைந்த அம்மோனியாவையும் இது விடாமல் பற்றிக்கொள்வதாகப் பின்னர் அளவிட்டுக் கண்டார்கள். இதன் உறவினங்கள் உலகக் கடல்கள் எங்கும் பெருந்தொகையில் வாழ்கின்றன. மீன்தொட்டியின் அடிக்கல் கடலியலுக்கே ஒரு புதிய அத்தியாயத்தைத் தந்தது.

அவை எங்கே குடியிருக்கின்றன?

இந்த நுண்ணுயிர்களில் பெரும்பகுதி தொட்டி நீரில் மிதந்து திரிவதில்லை. கல், மணல், குழாயின் உட்சுவர், கண்ணாடி என்று எந்தப் பரப்பு கிடைத்தாலும் அதில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசையில் மெல்லிய படலமாக வாழ்கின்றன. இதை உயிர்ப்படலம் என்பார்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் ஓடும் நீர் அம்மோனியாவையும் ஆக்சிஜனையும் இருந்த இடத்துக்கே கொண்டுவந்து தரும். மிதந்தால் நீரோடு சேர்ந்து இழுபட வேண்டியதுதான்; ஸ்கிம்மரிலோ வடிகட்டியிலோ சிக்கவும் நேரும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு வாளியில் புதிதாகக் கலந்த கடல்நீரை ஊற்றி, தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் போடுங்கள். இன்னொரு வாளியில் தொட்டியின் பழைய நீரை மட்டும் ஊற்றுங்கள். இரண்டிலும் காற்றுக் குழாய் போட்டு, ஒரே அளவு அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சில துளிகள் விடுங்கள். கல் இருக்கும் வாளியில் அம்மோனியா விரைவாகக் குறையும். பழைய நீர் வாளியில் அது பல நாள் அப்படியே நிற்கும்.

கல் என்று சொன்னாலும் அது சாதாரணக் கல் அல்ல. பெரும்பாலும் இறந்த பவளத்தின் சுண்ணாம்பு எலும்புக்கூடு. அதில் நுண்துளைகள் ஏராளம் என்பதால், கையளவு கல்லுக்குள்ளும் வியப்பூட்டும் அளவு உட்பரப்பு இருக்கிறது. துளைகளின் வெளிப்புறத்தில் ஆக்சிஜன் உண்டு. அங்கே நைட்ரேட்டாக்கம் நடக்கிறது. ஆழம் செல்லச் செல்ல ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அங்கே வேறு பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பயன்படுத்தி, அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்புகின்றன. இது நைட்ரஜனிறக்கம். ஒரே கல்லில், சில சென்டிமீட்டர் இடைவெளியில், எதிரெதிரான இரண்டு வேலைகள் நடக்கின்றன.

கல்லின் இந்த ஆற்றலை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். கடலிலிருந்து உயிரோடு எடுத்த கற்களையும் சிறிது காற்றோட்டத்தையும் மட்டும் நம்பித் தொட்டி வைத்தார். 1961இல் அதை மீன் வளர்ப்பு இதழொன்றில் விவரித்தார். இன்று உயிர்க்கல் என்று அழைப்பது அவர் வழியில் வந்ததுதான். அந்தக் கல்லின் பொந்துகளில் கடற்பஞ்சுகளும் புழுக்களும் சிறு நண்டுகளும்கூட வாழ்கின்றன. கடற்பஞ்சுகள் நீரில் கரைந்த கரிமப் பொருளை உறிஞ்சி, மற்ற உயிர்கள் தின்னக்கூடிய துகளாக மாற்றித் தருவதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சத்துக் குறைந்த வெப்பமண்டல நீரில் பவளப்பாறைகள் செழிப்பது எப்படி என்ற, டார்வின் காலத்துப் புதிருக்கு அது ஒரு பகுதி விடை.

இப்போது குழாயடியில் கல் கழுவியவருக்கு என்ன நேர்ந்தது என்பது புரியும். நன்னீர் பட்டதும் கடல் நுண்ணுயிர்களுக்குள் நீர் பாய்ந்து அவை சிதைகின்றன. குடிநீரில் குளோரின் இருந்தால் எஞ்சியதும் போகும். பொந்துகளில் இருந்த புழுவும் பஞ்சும் இறந்து அழுகி, அவையே அம்மோனியா விடத் தொடங்கும். சுத்திகரிக்க வேண்டிய கல்லே கழிவின் ஊற்றாகிவிடுகிறது. பாத்திரத்தைப் பளபளவென்று துலக்கலாம், புதுப் பால் ஊற்றலாம், ஆனால் ஒரு கரண்டி உறைமோரை மிச்சம் வைக்காமல் தயிர் தோயாது. பவளத்தொட்டிக்கு உறைமோர் அந்தக் கல்.

மணல் ஏன் ஆபத்து?

முதலாமவர் மணலையும் காப்பாற்றினார். மணலிலும் நுண்ணுயிர் உண்டே, அது நல்லதுதானே?

மணலின் மேற்பரப்பு நல்லதுதான். சிக்கல் அதன் அடியில். பல ஆண்டுகளாக மீன் கழிவும் இரைத் துணுக்கும் மணலுக்குள் இறங்கிச் சேர்கின்றன. சில சென்டிமீட்டர் கீழே ஆக்சிஜன் எட்டாது. நைட்ரேட்டும் தீர்ந்த ஆழத்தில், சில பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைப் பயன்படுத்தி வாழ்கின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் இருப்பதால் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. அவை வெளியிடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றமுள்ள இந்த வாயு, உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இறுதிப் படியையே அடைத்துவிடுகிறது. நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீனுக்கு மூச்சு கிட்டாது.

மணல் அசையாமல் இருக்கும்வரை ஆபத்தில்லை. மேலே எழும் சல்ஃபைடு ஆக்சிஜன் உள்ள அடுக்கை எட்டியதும் மாறிவிடும். வாரி மூட்டை கட்டும்போது அடுக்குகள் குலைகின்றன. சல்ஃபைடும், அடைபட்டிருந்த அம்மோனியாவும், கழிவும் ஒரே சமயத்தில் நீரில் கலக்கின்றன. கழிவை உண்ணும் பாக்டீரியாக்கள் திடீரெனப் பெருகி ஆக்சிஜனையும் தின்றுவிடுகின்றன. கண்ணாடி ஓரமாகப் பார்த்தால் மணலில் கருநிறப் பட்டை தெரியும். இரும்பும் சல்ஃபைடும் சேர்ந்த கறை அது. அதைக் கண்டவர் அந்த மணலைப் புதுத் தொட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. புது மணல் வாங்குங்கள். பழையதுதான் வேண்டும் என்றால் வாளி வாளியாக, தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். அலசினால் அதிலுள்ள நுண்ணுயிர் போய்விடுமே என்று தயங்க வேண்டாம். கற்கள் உயிரோடு இருக்கின்றன.

பழைய நீருக்கு மதிப்பே இல்லையா?

நீரில் நுண்ணுயிர் குறைவு என்பதால் நீரே முக்கியமில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உயிர்கள் அந்த நீரின் குணத்துக்குப் பழகியிருக்கின்றன. கடல்மீனின் இரத்தத்தில் உப்பு, கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அது நீரைக் குடித்து, மிகை உப்பைச் செவுள் வழியே வெளியேற்றி, அந்த அளவைக் காத்துக்கொள்கிறது. நட்சத்திர மீன் அப்படியல்ல. அதன் உடல்நீர் சுற்றியுள்ள கடல்நீரை ஒட்டியே இருக்கும். உப்பளவு சட்டென மாறினால் அதன் திசுக்கள் தாங்காது. ஆகவே நட்சத்திர மீன் போன்றவற்றைச் சொட்டுச் சொட்டாகப் புதுநீர் சேர்த்துப் பழக்க வேண்டும்.

பவளத்துக்கு இன்னொரு அளவு முக்கியம். எலும்புக்கூடு கட்ட அது கால்சியத்தையும் கார்பனேட்டையும் நீரிலிருந்து எடுக்கிறது. அமிலத்தைத் தாங்கி நிற்கும் நீரின் திறனைக் காரத்தாங்குதிறன் என்று அளக்கிறோம். சில உப்புக் கலவைகளில் இது இயற்கைக் கடலைவிட மிகக் கூடுதலாக இருக்கும். பழைய தொட்டியில் ஓர் அளவும் புது நீரில் வேறோர் அளவும் இருந்தால், பவளத்தின் திசு நுனியிலிருந்து உரியத் தொடங்கலாம். உப்பு, வெப்பம், காரத்தாங்குதிறன் மூன்றும் பொருந்தினால் முழுவதும் புது நீரானாலும் பயமில்லை. பழைய நீரில் ஒரு பகுதியைக் கொண்டுபோனால் இந்த மாற்றம் இன்னும் மெதுவாகும். அதன் பயன் அவ்வளவே.

மாற்றும் நாள்

காரணங்கள் தெரிந்துவிட்டால் செய்முறை தானே வரிசைப்படும். 6 அடித் தொட்டி ஏறத்தாழ 680 லிட்டர் கொள்ளும். நீர் மட்டுமே 700 கிலோ. கண்ணாடி, கல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். மாடி வீட்டுக்காரர்கள் முதலில் கட்டுமானப் பொறியாளரைக் கேட்க வேண்டும். புது நீரை முந்தின நாளே கலந்து, பம்பு ஓடவிட்டு, சூடேற்றி வைக்க வேண்டும். உயிர்கள் இருக்கும் தொட்டியில் உப்பைக் கொட்டக் கூடாது.

மீனுக்கு முந்தின நாள் இரை போடாமல் விட்டால் பயணத்தில் அம்மோனியா குறையும். முதலில் பவளம், பிறகு கற்கள், கடைசியாக மீன். கற்கள் போன பிறகு ஒளிய இடமில்லாததால், குறைந்த நீரில் மீனைத் துரத்தாமல் பிடிக்கலாம். கற்கள் உள்ள பேரலிலும் காற்றுக் குழாய் வேண்டும். 25 டிகிரி கடல்நீரில் லிட்டருக்கு அதிகபட்சம் 7 மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் ஆக்சிஜன் கரையும். மூடிய பேரலில் கல்லின் உயிர்கள் அதை விரைவில் தீர்த்துவிடும்.

மீனை மூடிய பையில் நெடுநேரம் கொண்டுபோனால் இன்னொரு நுட்பம் உண்டு. மீன் விடும் கரியமில வாயு பையில் சேர்ந்து பி.எச். குறையும். அதனால் சேர்ந்த அம்மோனியா பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே நீர் கொடியதாகிறது. ஆகவே திறந்த பையில் மணிக்கணக்கில் வைக்காமல், வெப்பமும் உப்பளவும் முன்கூட்டியே பொருந்திய புது நீருக்கு விரைவில் மாற்றுவது நல்லது.

பெரிய தொட்டி, கூடுதல் மீனா?

தொட்டி இரட்டிப்பானால் மீனையும் இரட்டிப்பாக்கலாம் என்று தோன்றும். நுண்ணுயிரின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது தொட்டியின் அளவல்ல, அவற்றுக்குக் கிடைக்கும் அம்மோனியாவின் அளவு. பழைய மீன்கள் எவ்வளவு தந்தனவோ அதற்கேற்ற கூட்டம்தான் கல்லில் இருக்கிறது. அதே மீன்கள் போனால் அந்தக் கூட்டம் போதும். புதிதாகப் பத்து மீன் ஒரே நாளில் சேர்த்தால் போதாது. ஒன்றிரண்டாகச் சேர்த்து, நுண்ணுயிர் ஈடுகொடுக்க வாரக்கணக்கில் இடம் தர வேண்டும். நீர் அதிகமானதன் உண்மையான ஆதாயம், எந்தத் தவறும் மெதுவாக விளைவதுதான். ஒரு மீன் இறந்து அழுகினாலும் நஞ்சு கூடுதல் நீரில் பரவி நீர்த்துப்போகும், கவனிக்க நேரம் கிடைக்கும்.

புது விளக்கிலும் பொறுமை வேண்டும். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் பழைய ஒளிக்கு ஏற்ற நிறமிகளை வைத்திருக்கின்றன. திடீரெனக் கடும் ஒளி பட்டால் தீங்கு தரும் ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகி, பவளம் பாசியை வெளியேற்றி வெளுத்துப் போகும். விளக்கைக் குறைத்து வைத்து, சில வாரங்களில் ஏற்ற வேண்டும்.

எல்லாம் சரியாக நடக்கிறதா என்று சொல்வது சோதனைக் குப்பி. மார்செலின் பெர்தெலோ 1859இல் விவரித்த நிறவினையிலிருந்து பிறந்தது அது. அம்மோனியா இருந்தால் நீர் பச்சைக்கும் நீலத்துக்கும் திரும்பும். முதல் இரண்டு வாரம் அன்றாடம் பாருங்கள். நீர் கண்ணுக்குத் தெளிவாக இருப்பது எதையும் உறுதி செய்யாது, அம்மோனியாவுக்கு நிறமில்லை.

கடலுக்கும் இதே விதி

இதைப் படித்துவிட்டுக் கடற்கரையில் கல்லும் பவளமும் பொறுக்கப் போகக் கூடாது. 2001இல் கடினப் பவளங்கள் அனைத்தும் இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். இந்தப் பாதுகாப்பு வரும்முன் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளக் கற்கள் பெருமளவு வெட்டியெடுக்கப்பட்டன. அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. கல் போனால் அதில் குடியிருந்த நுண்ணுயிரும் கடற்பஞ்சும் போகின்றன. மிதந்து வரும் பவளக் குஞ்சுகளுக்கு ஒட்டிக்கொள்ள உறுதியான பரப்பும் இல்லாமல் போகிறது.

தூத்துக்குடி அருகே கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி, 2015இல் தொடங்கி, துளைகள் உள்ள கான்கிரீட் அமைப்புகளை இறக்கினார்கள். அலையின் வேகத்தைத் தணிப்பதோடு, உயிர்கள் பற்றிக்கொள்ளப் பரப்பைத் தருவதும் அவற்றின் வேலை. தொட்டியோ கடலோ, பரப்பு முதலில் வர வேண்டும், நுண்ணுயிர் அதில் குடியேற வேண்டும், அதன்பிறகே பவளமும் மீனும் நிலைக்கும். இந்த வரிசையை மதிக்கக் கற்றுக்கொண்டவர், 680 லிட்டர் தொட்டியையும் நன்றாக வைத்திருப்பார், மன்னார் வளைகுடாவில் கிடக்கும் ஒரு கல்லையும் அது கிடக்கும் இடத்திலேயே விட்டுவைப்பார்.